விடிந்ததைச் சொல்ல ஓர் ஆள்

மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளியில் இரு முஅத்தின்கள் பாங்கு சொல்லி வந்தனர். பிலால் (ரழி) இரவு மீதமிருக்கையிலேயே பாங்கு சொல்வார். நோன்பு நோற்போர் அதன் பின்னும் உண்ணலாம். உண்பதை நிறுத்த வேண்டியது அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களின் பாங்கைக் கேட்டுத்தான். அவரோ பார்வையற்றவர். வைகறை வெளுப்பைப் பொறுத்து அமைந்த பணி, அதைக் காண இயலாதவரிடம்! விடிந்துவிட்டதென்று மக்கள் அவருக்குச் சொல்வார்கள். அதன் பிறகே அவர் பாங்கு சொல்வார் என்கிறது புகாரியில் உள்ள அறிவிப்பு. ‘அபஸ’ அத்தியாயம் அவர் பொருட்டு இறங்கியதை நாம் அடிக்கடி பேசுகிறோம். இந்த ஏற்பாட்டைப் பற்றி ஏனோ அதிகம் பேசுவதில்லை. பணி அவரிடமே இருந்தது. இல்லாத ஒன்றைப் பக்கத்திலிருந்தோர் நிரப்பினர். நபியவர்கள் வெளியே சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பும் அவரிடம் விடப்பட்டதுண்டு.

இந்த எண்ணம் நம் நாட்டுச் சட்டத்துக்குள் வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. 1977இல் மத்திய அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 3 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. ஆனால் ‘சி’, ‘டி’ என்னும் கீழ்நிலைப் பிரிவுகளில் மட்டுமே. உத்தரவிடும் நாற்காலியில் அவர்களை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை போலும். 1996 பிப்ரவரி 7 அன்று நடைமுறைக்கு வந்த 1995ஆம் ஆண்டுச் சட்டம் அந்த எல்லையை அகற்றியது. ஏட்டில் அகற்றியது என்பதே சரி. ரவி பிரகாஷ் குப்தா என்னும் பார்வையற்ற இளைஞர் 2006ஆம் ஆண்டுக் குடிமைப்பணித் தேர்வில் நேர்முகம் வரை வென்றும் பணி பெறவில்லை. பொருத்தமான பணியிடங்களை முதலில் அடையாளம் கண்ட பிறகே ஒதுக்கீடு என்று அரசு வாதிட்டது. அடையாளம் காண்பதில் நேர்ந்த தாமதத்தைக் காட்டி உரிமையை மறுக்க இயலாதென 2010 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015இல் சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெபைன், முற்றிலும் பார்வையற்றவர்களில் முதலாவதாக இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார்.

பின்னர் வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கீட்டை 4 விழுக்காடாக்கியது. 7 வகை இயலாமைகளை 21 ஆக விரித்தது. என் பார்வையில் அதன் உயிர்நாடி வேறிடத்தில் உள்ளது. பணியாளரின் தேவைக்கேற்ப நியாயமான மாற்றங்களைச் செய்துதர மறுப்பதும் பாகுபாடே என்று அது வரையறுத்தது. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள், சாய்தளம், சற்றே மாற்றிய வேலை நேரம் என அம்மாற்றங்கள் பெரும்பாலும் எளியவை. வேலை தருபவர் மீது அளவுக்கு மீறிய சுமை கூடாதென்றும் சட்டமே சொல்கிறது. விடிந்ததை ஒருவரிடம் சொல்வது எவருக்குச் சுமை?

கொட்டச்சேட்டைச் சுற்றியுள்ள காப்பித் தோட்டங்கள் தனியாருடையவை. 4 விழுக்காடு அவற்றைக் கட்டுப்படுத்தாது. சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்கையில் ஏணியிலிருந்து விழுந்து கால் செயலிழந்த ஒருவரை நான் அறிவேன். காப்பிக்கொட்டையைத் தரம் பிரிப்பது உட்கார்ந்து செய்யும் வேலை. அதை அவருக்குக் கொடுக்க எவரும் நினைக்கவில்லை, வீட்டுக்கு அனுப்பினார்கள். ரமளானில் ஸகாத் கொடுக்கத் தேடி வந்தவர்கள் உண்டு, வேலை கொடுக்க வந்தவர் இல்லை.

தோட்டக்காரர்களை மட்டும் சொல்லி என்ன பயன்? நான் ஓதிக்கொடுக்கும் மதரஸாவில் கணக்கெழுத ஆள் தேவைப்பட்டபோது அவர் பெயரைச் சொன்னேன். அழகாக எழுதுவார், கணக்கும் தெரியும். அலுவலகம் மாடியில் இருக்கிறதே என்றார் நிர்வாகி ஒருவர். எல்லோரும் தலையசைத்தனர், நானும் வாய் திறக்கவில்லை. கணக்குப் புத்தகங்கள் மொத்தம் மூன்று. அவற்றைக் கீழே கொண்டுவந்து வைக்க ஒரு மேசை போதும். வரும் ஜுமுஆவுக்குப் பின் நிர்வாகம் மீண்டும் கூடுகிறது. அந்த மேசையைக் கேட்கப் போகிறேன்.