நீர்மூழ்கிக்கு ஒரு கை

வித்துராக்காரனுக்கும் நீர்மூழ்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் பொன்முடி மலையடிவாரம், கடல் கண்ணுக்கே தெரியாது. ஆனாலும் சம்பந்தம் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

வீட்டுக் கொட்டகையில் நீர்மூழ்கி கட்டும் ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அமெரிக்கக் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஜார்ஜ் கிட்ரெட்ஜ், ஓரிருவர் உட்காரக்கூடிய சின்ன நீர்மூழ்கிகளைக் கட்டினார், வரைபடங்களையும் விற்றார். அவருடைய கே-350 என்ற மாடல் 350 அடி, அதாவது சுமார் 107 மீட்டர் ஆழத்துக்கானது. இப்படி ஒன்றைக் கட்டி முடித்தவருக்கு அடுத்து வரும் ஆசை, வெளியே ஒரு கை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் மட்டும் போதுமா, எதையாவது எடுக்க வேண்டாமா?

இந்தக் கையின் கதை கடலில் தொடங்கவில்லை. 1940-களின் கடைசியில் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில், கதிரியக்கப் பொருட்களைத் தொடாமல் கையாள ரே கோர்ட்ஸ் ஒரு கருவி செய்தார். தடித்த சுவருக்கு இந்தப் பக்கம் நீங்கள் பிடியை அசைத்தால், அந்தப் பக்கம் இருக்கும் கை அப்படியே அசையும். நடுவில் இருந்தது இயந்திர இணைப்புதான். அதனால் பொருளின் கனம்கூட உங்கள் கைக்குத் தெரியும்.

இதையே கடலுக்குள் செய்தால் என்ன? நீர்மூழ்கியின் சுவரில் ஒரு துளை போட்டு, 2 செ.மீ. விட்டமுள்ள ஒரு தண்டை வெளியே விடுகிறோம் என்று வையுங்கள். 107 மீட்டரில் தண்ணீர் அந்தத் தண்டை உள்ளே தள்ளும் விசை சுமார் 33 கிலோ. சமாளித்துவிடலாம். 6000 மீட்டரில்? கிட்டத்தட்ட 2 டன்! அங்கே பிரச்சினை கை அல்ல, துளை. அதனால் ஆழ்கடல் நீர்மூழ்கிகளில் மோட்டார், பிஸ்டன் எல்லாம் வெளியிலேயே இருக்கும். அவற்றைச் சுற்றி எண்ணெய் நிரப்பி, அதன் அழுத்தத்தைக் கடலின் அழுத்தத்தோடு சமமாக்கிவிடுவார்கள். சுவரைத் தாண்டிப் போவது மின்கம்பிகள் மட்டும். துளை சிறுத்தது, கூடவே தொடு உணர்வும் போய்விட்டது.

அந்தக் கைகளும் சாதித்தன. 1963 ஏப்ரலில் 129 பேருடன் மூழ்கிய திரெஷர் நீர்மூழ்கியின் குழாய்த் துண்டு ஒன்றை, அதே ஆண்டு ஆகஸ்டில் டிரியெஸ்ட் தன் இயந்திரக் கையால் எடுத்து வந்தது. 1964-இல் வந்த ஆல்வினைக் கட்டியது யார் தெரியுமா? காலை உணவுக்குச் சீரியல் விற்கும் ஜெனரல் மில்ஸ்! இயந்திரக் கை செய்யும் பிரிவும் அவர்களிடம் இருந்தது.

இனி, பயமுறுத்தும் பக்கம். 1973 ஜூனில் ஃப்ளோரிடாவின் கீ வெஸ்ட் அருகே ஜான்சன் சீ லிங்க் என்ற நீர்மூழ்கி, மூழ்கடிக்கப்பட்ட ஒரு போர்க்கப்பலின் கம்பியில் சிக்கிக்கொண்டது. ஒரு நாளுக்கு மேல் மேலே வர முடியவில்லை. நால்வரில் இருவர் இறந்தார்கள். ஆழம் சுமார் 110 மீட்டர், கிட்டத்தட்ட கிட்ரெட்ஜின் அதே 350 அடி. அந்த ஆழத்திலேயே, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் தூண்டில் கொக்கியாக மாறலாம். ஆல்வினில் கையை உள்ளிருந்தபடியே கழற்றி விடும் வசதி வைத்திருப்பது இதற்காகத்தான்.

இப்போது அந்தச் சம்பந்தம். சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கும் மத்ஸ்யா 6000, மூன்று பேரை 6000 மீட்டர் ஆழத்துக்கு அழைத்துப் போவதற்கான வாகனம். அவர்கள் உட்காரும் டைட்டானியக் கோளத்தின் உருவாக்கத்தில் எங்கள் மாவட்டத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்கும் பங்கு உண்டு. சுவர் 80 மி.மீ. தடிமன். ராக்கெட்காரர்களுக்கு அழுத்தத்தின் அருமை தெரியும்.

கொட்டகையில் கட்டுகிறவரிடம் இவ்வளவு பெரிய மையம் எதுவும் கிடையாது. பிடிக்கும் விரல்களைச் செய்வதற்கு முன்னால், கையைக் கழற்றி விடும் போல்ட்டைச் செய்துவிடுங்கள். அதைத் தண்ணீருக்குள் பத்து முறையாவது கழற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு ஆழத்துக்குப் போங்கள்.