ஒரே தட்டில் இருவர்

ஒஸ்லோவில் பொலிஸ் தலைமையகத்துக்குப் பக்கத்தில் 1851ஆம் ஆண்டுச் சிறைச்சாலை நிற்கிறது. அங்கிருந்து சில நிமிட நடைதான் தொய்யன்காத்தா. நம்மவர்களுக்கு அந்தத் தெருவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கப் போகும் தெரு. வெள்ளி பின்னேரம் என்றால் மரக்கறிப் பெட்டிகளுக்கு நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அப்படி ஒடுங்கி நடந்த ஒரு நாள், 16ஆம் இலக்கக் கதவுக்கு முன்னால் கறுப்பு ரீசேர்ட் போட்ட இரண்டு பெடியள் நின்றார்கள். முதுகுப்பையைப் பார்த்தால் வெளியூர். ஒருவர் கதவைப் படம் எடுக்க, மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு கோயில் வாசலில் நிற்பதுபோல நின்றார்.

அவர்கள் தேடிவந்த வீட்டில் இருந்தவர் எய்ஸ்தைன் ஓர்செத். மேடைப் பெயர் யூரோனிமஸ். 1993 ஓகஸ்ட் 10 அதிகாலை இந்தக் கட்டடத்தில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 25.

கதை தொடங்குவது ஒஸ்லோவுக்குத் தெற்கே லாங்ஹூஸில். 1984இல் கிட்டார் வைத்திருந்த ஓர்செத், பேஸ் கிட்டார் வைத்திருந்த யோர்ன் ஸ்துப்பெரூட், டிரம்ஸ் அடித்த ஷெத்தில் மான்ஹைம் என்ற மூன்று இளவட்டங்கள் சேர்ந்து 'மேஹெம்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். ஸ்துப்பெரூட் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் நெக்ரோபுட்சர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்; இந்தக் கதையில் மனிதத்தன்மையோடு கோபப்பட்ட ஆள் அவர்தான் என்பது என் கணிப்பு. 1987இல் 'டெத்கிரஷ்' வந்தது, ஆயிரம் பிரதிகள். ஜெர்மனிய மின்னிசைக் கலைஞர் கொன்ராட் ஷ்னிட்ஸ்லரிடம் ஓர்செத் கேட்டு வாங்கிய ஒரு சிறு இசைத்துண்டுதான் அதன் தொடக்கம். அடுத்த வருடமே மான்ஹைம் விலகிவிட்டார்.

அவருடைய இடத்துக்கு யான் அக்சல் புளொம்பெர்க் வந்தார். ஹெல்ஹாமர் என்றால்தான் இரசிகர்களுக்குத் தெரியும். பாடுவதற்குச் சுவீடனிலிருந்து பேர் இங்வே ஓலின் வந்தார். அவர் சூட்டிக்கொண்ட பெயர் 'டெட்', செத்தவன். மேடைக்குப் போடும் உடுப்பை முன்கூட்டியே மண்ணில் புதைத்துவைத்து, மண்வாடையோடு எடுத்துப் போடுவார். முகத்தில் பிணத்தின் வெளிறல். மற்றவர்களுக்கு அது வேஷம். அவருக்கு எவ்வளவு தூரம் வேஷம் என்பதைக் குழுவில் யாரும் உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை. குரோக்ஸ்தாட் என்ற இடத்தில், காட்டோரத்து வீடொன்றில், கையில் காசில்லாமல் ஒன்றாக இருந்தார்கள். 1991 ஏப்ரல் 8இல் ஓலின் அங்கே தன் உயிரை முடித்துக்கொண்டார். வயது 22.

உடலைக் கண்டது ஓர்செத். பொலிசுக்குச் சொல்லுமுன் கடைக்குப் போய்க் கமரா வாங்கி வந்து படம் எடுத்தார். பிறகு அந்தச் சாவையே குழுவுக்கு விளம்பரமாக்கினார். ஸ்துப்பெரூட்டுக்கு அவர் தொலைபேசியில் செய்தி சொன்ன விதத்தில் துக்கம் இருக்கவில்லையாம். ஏதோ பெரிய காரியம் நடந்துவிட்டது போன்ற உற்சாகம் இருந்ததாம். படங்களை எரித்துவிட்டுத்தான் இனி என்னோடு கதைக்க வேண்டும் என்று ஸ்துப்பெரூட் சொன்னார். படங்கள் எரியவில்லை. லாங்ஹூஸ் சிநேகிதம் அதோடு அறுந்தது. அந்தப் படங்களில் ஒன்று 1995இல் கொலம்பியாவில் வெளிவந்த ஒரு திருட்டு இசைத்தட்டின் அட்டையில் ஏறியது. இன்றும் இணையத்தில் அலைகிறது. ஸ்துப்பெரூட்டின் கசப்பு ஏன் ஆறவில்லை என்று கேட்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஓர்செத் அதே 1991இல் ஸ்வைகார்ட்ஸ் காத்தா 56இல் ஓர் இசைத்தட்டுக் கடை திறந்தார். பெயர் 'ஹெல்வெத்தே'. நரகம் என்று அர்த்தம். தொய்யன்காத்தா இருக்கும் குறொன்லாண்டிலிருந்து நடந்துபோகும் தூரம். நம்மவர்கள் இந்த நாட்டில் வேலையும் விசாவும் தேடி அலைந்த அதே வருடங்களில், சற்றுத் தள்ளி இந்த ஊர்ப் பிள்ளைகள் நரகத்துக்குப் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்தார்கள். தேவாலயங்கள் எரிந்த காலம் அது. 1992 ஜூனில் பேர்கனின் ஃபான்தொஃப்ட் மரத் தேவாலயம் சாம்பலானது. அந்தக் கதையைத் தனியாக எழுத வேண்டும், இங்கே விடுகிறேன்.

குழுவின் முதல் முழுநீளத் தட்டு பேர்கனில், இசைமேதை எட்வர்ட் கிரீக்கின் பெயரிலுள்ள கிரீக்ஹாலன் மண்டபத்தில் பதிவானது. யார் யார் வாசித்தார்கள் என்று பாருங்கள். பாடல் வரிகளில் பெரும்பகுதி இறந்துபோன ஓலினுடையவை. அவற்றைப் பாட ஹங்கேரியிலிருந்து அட்டிலா சிஹார் வந்தார். டிரம்ஸ் ஹெல்ஹாமர். கிட்டாரில் ஓர்செத்துக்குத் துணையாக 'தோர்ன்ஸ்' குழுவின் ஸ்னோரே ருக். ஸ்துப்பெரூட் விட்டுப்போன பேஸ் கிட்டாரை எடுத்தவர் வார்க் வீக்கர்னெஸ். அப்போது இருபது வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ. ஓர்செத் நடத்திய சிறிய இசைத்தட்டு நிறுவனத்தில் தன் இசையை வெளியிட்டவர். பணத்திலும் பெருமையிலும் இருவருக்கும் முறுகியிருந்தது.

1993 ஓகஸ்ட் 9 இரவு பேர்கனிலிருந்து ஒரு கார் கிளம்பியது. அதில் வீக்கர்னெஸ்ஸும் ருக்கும் இருந்தார்கள். மலைகளைத் தாண்டி விடியுமுன் வந்து நின்ற இடம்தான் அந்தப் பெடியள் படம் எடுத்த கதவு. தற்காப்புக்காகக் குத்தியதாக வீக்கர்னெஸ் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. 1994 மே மாதம் அவருக்கு 21 வருடம், இந்த நாட்டில் அன்றிருந்த அதிகபட்சத் தண்டனை. ருக்குக்கு 8 வருடம்.

இசைத்தட்டு வெளிவந்ததும் அதே மே மாதம். ஓர்செத்தின் பெற்றோர் அதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்கள்: எங்கள் மகனைக் கொன்றவனின் வாசிப்பை எடுத்துவிடுங்கள். திரும்பப் பதிவு செய்கிறேன் என்று ஹெல்ஹாமர் அவர்களுக்குச் சொன்னார். ஆனால் அவருக்குப் பேஸ் வாசிக்கத் தெரியாது. வேறு ஆளையும் வைத்து வாசிக்கவில்லை. கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஒரே தட்டில் இருப்பது பொருத்தம்தான் என்று பிறகு சொன்னார். எனக்கு அந்தப் 'பொருத்தம்' பொருந்தவில்லை. தாய் தகப்பன் கேட்ட ஒரு வார்த்தை அது. பேஸ் வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒஸ்லோவில் எத்தனையோ பேர் இருந்தார்கள்.

1995இல் ஹெல்ஹாமர் குழுவைத் திரும்பக் கூட்டியபோது ஸ்துப்பெரூட் வந்து சேர்ந்தார். இன்றுவரை அங்கேதான் இருக்கிறார். தொடக்ககாலப் படங்களையும் நினைவுகளையும் தொகுத்து ஒரு புத்தகமும் போட்டார். ஆனால் கோபம் போகவில்லை. ஓலினின் சாவுக்காக ஓர்செத்தைத் தானே கொல்லும் எண்ணத்தில் இருந்ததாகவும் வீக்கர்னெஸ் முந்திக்கொண்டதாகவும் பேட்டிகளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். வாய்வீச்சா உண்மையா என்று கேட்டால், இருபத்தைந்து வருடம் கழித்தும் ஒருவர் அதைச் சொல்லவேண்டியிருக்கிறதே என்பதுதான் என் கண்ணில் படுகிறது.

அந்தத் தட்டின் சில பாடல்கள் கொலைக்கு முன்பே மேடையில் வாசிக்கப்பட்டவை. 1990 நவம்பர் 26இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரக் கச்சேரிப் பதிவில் ஓலின் பாடுகிறார், ஓர்செத் கிட்டார் வாசிக்கிறார், பேஸ் ஸ்துப்பெரூட்டுடையது. ஸ்டூடியோத் தட்டில் அதே பாடல்களுக்கு அந்த இடத்தில் வீக்கர்னெஸ். 2015 டிசம்பரில் சுவீடனில் குழு அந்தத் தட்டை முதற்பாட்டு முதல் கடைசிப்பாட்டு வரை மேடையில் வாசித்தது. சிஹார் பாடினார், ஹெல்ஹாமர் டிரம்ஸ் அடித்தார். பேஸ் கிட்டாரோடு நின்றவர் ஸ்துப்பெரூட்.