ஊடுருவிய மார்புக் காயங்கள்: குறியீடும் ஆவணமும்

மார்புச் சுவரைத் துளைத்து உள்ளறையை எட்டிய காயங்களை மருத்துவப் பதிவில் குறிக்கும் முறை. அமெரிக்க மருத்துவமனைகள் 2015 அக்டோபர் 1 முதல் பின்பற்றும் ஐசிடி-10-சிஎம் நோய்க் குறியீட்டுத் தொகுப்பில் மார்பின் திறந்த காயங்கள் எஸ்21 பிரிவில் அடங்கும். முன்சுவர்க் காயம் உள்ளறையை எட்டாவிட்டால் எஸ்21.1, எட்டினால் எஸ்21.3, பின்சுவருக்கு முறையே எஸ்21.2, எஸ்21.4.

பதிவின் உயிர்நாடி, உள்ளறையை எட்டியதா இல்லையா என்ற இந்த வேறுபாடுதான். "மார்பில் கத்திக்குத்து" என்று மட்டும் மருத்துவர் எழுதிவிட்டால், ஆழத்தை ஊகித்துக்கொள்ளக் குறியீட்டாளருக்கு உரிமை இல்லை. மருத்துவரிடமே கேட்டுத் தெளிய வேண்டும். எந்தப் பக்கம், கிழிசலா குத்தா, உள்ளே ஏதேனும் தங்கியதா என்பதும் குறிப்பில் இருந்தாக வேண்டும். இடது முன்மார்பில் குத்தி உள்ளறைக்குள் இறங்கிய, அயற்பொருள் தங்காத காயம் எஸ்21.332ஏ. கடைசியில் வரும் ஏ முதல் வருகையைக் குறிப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் காயத்துக்கான நேரடிச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் காலம் முழுவதற்கும் அதுவே பொருந்தும். ஆறிவரும் கட்டத்தில்தான் டி.

உள்ளுறுப்புச் சேதங்களைத் தனியே சேர்க்க வேண்டும்: நுரையீரலைச் சுற்றிக் காற்றும் இரத்தமும் தேங்கினால் எஸ்27.2, இதயக் காயத்துக்கு எஸ்26. கத்தியால் தாக்கப்பட்டதை எக்ஸ்99.1 தெரிவிக்கும்.