நுண்வித்துயிரி

கல்வராயன் மலையடிவாரப் பேச்சிலும் பிற இடங்களிலும் குடலைத் தாக்கும் உயிரெல்லாம் ‘பூச்சி’ என்றே சுட்டப்படுவதால், கண்ணுக்குத் தெரியும் புழுவும், பன்றி, மாடு, மனிதர் ஆகிய உயிர்களின் குடற்செல்லுக்குள் வாழும் மைக்ரோஸ்போரிடியாவும் ஒன்றெனத் தோன்றிவிடுகின்றன. கிரேக்கத்தில் ‘மைக்ரோஸ்’ சிறியது, ‘ஸ்போரா’ விதை அல்லது விதைப்பு; தமிழில் ‘வித்து’ விதையையும், வினையாகி ‘வித்துதல்’ விதைப்பையும் குறிப்பதால், ‘நுண்வித்துயிரி’ மூலத்துக்கு மிக நெருங்கிய பெயராகும். 1857இல் அறிவியலாளர் நேகேலி பெயரிட்ட, இவ்வகையின் முதல் இனம் பட்டுப்புழுவுக்குத் தரும் ‘பெப்ரின்’ நோயோ, புழுவுடலில் தோன்றும் மிளகு போன்ற கரும்புள்ளிகளால் பெயர் பெற்றது. அச்சொல்லின் வேர், திப்பிலியைக் குறிக்கும் ‘பிப்பலி’யாக இம்மண்ணிலிருந்தே மேற்கே சென்றது என்பது மகிழ்வூட்டும் செய்தி. மனிதக் குடலில் மிகுதியாகக் காணப்படும் இனம் 1985இல் எய்ட்ஸ் நோயாளி ஒருவரிடம் கண்டு விவரிக்கப்பட்டு, பின்னர் கால்நடைகளிலும் கண்டறியப்பட்டது. பூஞ்சைகளுக்கு உறவான இவ்வுயிருக்குப் ‘பூச்சி’ என்னும் பெயர் பொருந்தாது.