கிட்டார் கார்டு மாற்றம்

கிட்டாரில் தாளம் தவறாமல் ஒரு கார்டிலிருந்து (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) அடுத்த கார்டுக்கு விரல்களை மாற்றி வைப்பது கார்டு மாற்றம் எனப்படும். புதிதாகக் கற்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. தனித்தனியே வாசித்தால் சி, ஜி, எஃப் மூன்றும் சுத்தமாக ஒலிக்கும். அடுத்தடுத்து வந்தால் பாட்டு நின்றுவிடும். விரலில் வலு போதவில்லை என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் காரணம், விரல்கள் தேவைக்கு மேல் அலைவதுதான்.

சி-யையும் ஏ மைனரையும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டிலும் சுட்டுவிரல் இரண்டாம் கம்பியின் முதல் ஃபிரெட்டிலும் (கழுத்தில் உலோகக் கோடுகளால் பிரிக்கப்பட்ட கட்டம்), நடுவிரல் நான்காம் கம்பியின் இரண்டாம் ஃபிரெட்டிலும் இருக்கும். நகர வேண்டியது மோதிரவிரல் ஒன்றே. பழகாத கையோ மூன்று விரல்களையும் தூக்கிவிட்டு, மறுபடி இடம் தேடும். ஏ மைனரிலிருந்து ஈ மேஜருக்குப் போவது இன்னும் எளிது: அதே வடிவத்தைத் தடித்த கம்பிகளின் பக்கம் ஒரு கம்பி தள்ளி வைத்தால் போதும்.

ஆகவே, ஒரு கார்டை எந்த விரல்களால் பிடிப்பது என்பதை அடுத்து வரும் கார்டே முடிவு செய்ய வேண்டும். ஜி-யை நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் கொண்டு பிடித்தால், சி-க்குப் போகும்போது முதல் இரண்டும் சேர்ந்தாற்போல் ஒரு கம்பி நகரும். சுட்டுவிரல் முன்பே ஓய்வாக இருக்கும்.

எஃப் தனிக்கதை. சுட்டுவிரலால் ஆறு கம்பிகளையும் முதல் ஃபிரெட்டில் அழுத்த வேண்டும். கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் நட்டை ஒட்டிய அந்த இடத்தில் கம்பி விறைப்பாக நிற்கும். நட்டின் பள்ளங்கள் ஆழமாக வெட்டப்படாத கிட்டாரில் துன்பம் இரட்டிப்பாகும். அதைப் பழுதுபார்ப்பவரிடம் சரிசெய்துகொள்வதில் வெட்கமே வேண்டாம். இதே வடிவத்தை ஐந்தாம் ஃபிரெட்டில் பிடித்தால் ஏ மேஜர் கிடைக்கும். அங்கே பழகி, ஒவ்வொரு ஃபிரெட்டாக இறங்கி வருவது நல்ல வழி. கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் ஆறாம் கம்பியைக் கட்டைவிரலால் அழுத்தி இவ்வடிவத்தை வாசித்தார்.

பயிற்சியில், ஒரு நிமிடத்தில் இரு கார்டுகளுக்கிடையே எத்தனை முறை மாற முடிகிறது என்று எண்ணிப் பார்ப்பது ஆஸ்திரேலிய ஆசிரியர் ஜஸ்டின் சாண்டர்கோ பரவலாக்கிய முறை. எண்ணிக்கை ஏறுவது கண்ணுக்குத் தெரிவதால் சலிப்புத் தட்டாது. பாட்டோடு வாசிக்கும்போது வலது கை மட்டும் நிற்கவே கூடாது. மாற்றத்துக்கு முந்தைய கடைசி மேல்வீச்சு வெறும் கம்பிகளில் விழுந்தாலும் கேட்பவர் காதில் உறுத்தாது.

விரல்களின் வேலையைக் குறைக்க வேறு வழியும் உண்டு. கனடியப் பாடகி ஜோனி மிட்செல் ஒன்பது வயதில் போலியோவால் பாதிக்கப்பட்டார். இடது கை வலுவிழந்தது. வழக்கமான கார்டு வடிவங்களோடு மல்லுக்கட்டாமல் கம்பிகளின் சுருதியையே மாற்றி அமைத்துக்கொண்டார். குறைந்த விரல்களால் பிடித்த அந்தக் கார்டுகளே அவருடைய தனி ஒலியாயின.