மூளையில் பால் வேறுபாடு

ஒரே இனத்தைச் சேர்ந்த ஆண், பெண் உயிர்களின் மூளை அமைப்பிலும் செயலிலும் காணப்படும் வேற்றுமைகள் மூளையின் பால் வேறுபாடு எனப்படும். கருவிலும் பிறப்பை ஒட்டிய நாட்களிலும் சுரக்கும் ஹார்மோன்கள், பால் குரோமோசோம்களில் உள்ள மரபணுக்கள், பிறந்தபின் அமையும் வாழ்க்கைச் சூழல் ஆகிய மூன்றும் இதற்குக் காரணமாகின்றன.

இத்துறையின் தொடக்கம் 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நடந்த ஆய்வு. அர்னால்டு பெர்த்தோல்டு இளஞ்சேவல்களின் விரைகளை அகற்றினார். அவை கூவவில்லை, சண்டையிடவில்லை. விரையை வயிற்றினுள் வேறிடத்தில் பொருத்தியதும் சேவலின் இயல்புகள் மீண்டன. நரம்புத் தொடர்பு அறுபட்ட நிலையிலும் இது நிகழ்ந்ததால், விரையின் ஆற்றல் இரத்தத்தின் வழியே பரவுகிறது என்பது தெளிவாயிற்று.

1936இல் கரோல் ஃபைஃபர், பிறந்த உடனே விரை பொருத்தப்பட்ட பெண் எலிகளில் சினைமுட்டைச் சுழற்சி நின்றுவிடுவதைக் கண்டார். மாற்றம் பிட்யூட்டரி சுரப்பியில் நேர்வதாக அவர் கருதினார். 1952இல் ஜெஃப்ரி ஹாரிசும் டோரா ஜேக்கப்சனும் ஆண் எலியின் பிட்யூட்டரியைப் பெண் எலிக்குப் பொருத்தியபோது சுழற்சி தடையின்றி நடந்தது. எனவே வேறுபாட்டின் இருப்பிடம் சுரப்பியன்று, அதனை ஆளும் மூளைப் பகுதியாகிய ஹைப்போதலாமஸ் என்று அறியப்பட்டது.

1959இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஃபீனிக்ஸ், வில்லியம் யங் முதலியோர் சினையுற்ற கினிப்பன்றிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் செலுத்தினர். அவை ஈன்ற பெண் குட்டிகள் வளர்ந்தபின் பெண்ணுக்குரிய இணைசேர் நடத்தையைக் குறைவாகவே காட்டின. கருவில் ஹார்மோன் மூளையை நிலையாக உருவமைக்கிறது, பருவமடைந்தபின் அதே ஹார்மோன் அவ்வமைப்பை இயக்குகிறது என்ற கொள்கை இவ்வாறு பிறந்தது.

அமைப்பு வேற்றுமை கண்ணுக்குப் புலப்பட்டது 1970களில். 1976இல் நோட்டபோம், அர்னால்டு என்ற இரு ஆய்வாளர்கள் ஆண் பாடும் பறவைகளின் மூளையில் பாட்டுக்குரிய மையங்கள் பெரியனவாக இருப்பதைக் காட்டினர். 1978இல் கோர்ஸ்கி குழுவினர் ஆண் எலியின் ஹைப்போதலாமஸ் அருகே, பெண் எலியிலுள்ளதைவிடப் பன்மடங்கு பெரிய நரம்பணுத் தொகுதியைக் கண்டனர். எலியின் மூளைக்குள் டெஸ்டோஸ்டிரோன் ஈஸ்ட்ரோஜனாக மாறியே இத்தகைய மாற்றங்களுள் பலவற்றை உண்டாக்குகிறது என்பதும் தெரியவந்தது. மனிதரில் டெஸ்டோஸ்டிரோனின் நேரடிச் செயலே முதன்மையானதாகக் கருதப்படுகிறது.

ஹார்மோன் மட்டுமே காரணம் என்ற கருத்து பின்னர் தளர்ந்தது. ஆண்மையை முடிவுசெய்யும் எஸ்ஆர்ஒய் மரபணு 1990இல் ஒய் குரோமோசோமில் கண்டறியப்பட்டது. 2003இல் ஆராயப்பட்ட ஒரு வரிக்குருவியின் உடல் வலப்புறம் ஆணாகவும் இடப்புறம் பெண்ணாகவும் இருந்தது. இரு புறமும் ஓடியது ஒரே இரத்தமே. ஆயினும் வலப்புறப் பாட்டு மையம் பெரிதாக இருந்தது. மூளை அணுக்களின் மரபணுக்களுக்கும் இதில் பங்குண்டு என்பதற்கு இது சான்றாயிற்று.

மனிதரில் ஆண் மூளை சராசரியாக ஏறத்தாழ 10 விழுக்காடு பெரிது. மொத்த அளவைக் கணக்கில் கொண்டால் பகுதிகளுக்கிடையிலான வேற்றுமைகள் பெரிதும் சுருங்குகின்றன. 2015இல் டாஃப்னா ஜோயல் குழுவினர் 1,400க்கும் மேற்பட்ட மூளைப் படங்களை ஆராய்ந்தனர். பெரும்பாலான மூளைகளில் ஆண்களிடம் மிகுதியாகக் காணும் கூறுகளும் பெண்களிடம் மிகுதியாகக் காணும் கூறுகளும் கலந்தே இருந்தன. இரு பாலாரின் சராசரிகள் வேறுபடுவது உண்மை. அச்சராசரியைக் கொண்டு தனி ஒருவரின் திறனையோ இயல்பையோ அளவிட முடியாது.