கூட்டுக்களவாணி

ஒருவன் மதிலேறி மாங்காய் பறிப்பான். இன்னொருவன் கீழே நின்று ஆள் வருகிறதா என்று பார்ப்பான். இருவரும் கூட்டுக்களவாணிகள். கூட்டு, 'கூடு' என்ற வினையிலிருந்து வந்தது. 'கள்' என்ற பழைய வினைக்குத் திருடுதல் என்று பொருள். கள்வன், களவு இரண்டும் அதன் வழி வந்தவை. தொல்காப்பியத்தில் களவு என்பது ஊரறியாத காதல். அதனால்தானோ என்னவோ, இந்த வசவில் செல்லமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'கூட்டாளி' கடை நடத்துகிறவருக்கும் பொருந்தும், 'கூட்டுக்களவாணி' பொருந்தாது.

1975இல் வந்த 'ஷோலே' இந்திப் படத்தில் வீரு வாயாடி, ஜெய் அமுக்கன். இருவரும் திருடர்கள். எதற்கெடுத்தாலும் ஜெய் சுண்டும் நாணயத்துக்கு இரண்டு பக்கமும் தலைதான். வீருவுக்கு அது தெரிவது ஜெய் இறந்த பிறகு. இப்படிப்பட்ட ஜோடியைப் பற்றி எழுதுகிறவர்கள் 'பார்ட்னர்' என்பதை விட்டு 'கூட்டுக்களவாணி' என்ற சொல்லை எடுத்தாள வேண்டும்.